சாம்பல் தேய்த்த படம்

மேல்கணக்கு லயம்,
மடுல்சீமை.
19.01.2025

அன்புள்ள (இந்தச் சொல்லை வெட்டிவிடாதே) ரஜீவ் அண்ணே,

வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அம்மாவின் நம்பரையும் செய்துவிட்டாய். தபால்காரரை எப்படி பிளாக் செய்வாய்? ஸ்டாம்பை நக்கி ஒட்டியாயிற்று. இனி இந்தக் கடிதம் மொஹிதீன் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்கு வந்துதான் தீரும், நீ சீமெந்து மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தாலும்.

படம் போட்டது நான், பாடுபடுவது நீ. முதலில் அதை எழுத்தில் ஒத்துக்கொள்கிறேன். தேதி மேலே இருக்கிறது. வேண்டுமானால் கையொப்பமும் போடுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீ காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்பதால். நீ காவல் இருந்த பங்களா ஹோலில் தொங்குகிற பெரிய படம், நம்முடைய இதே மலை, அதை வரைந்தவர் கெரிட் வெல்டன்போஸ். ஒல்லாந்துக்காரர். ஒல்லியாகவும் இருந்தாராம். மலையே இல்லாத நாட்டிலிருந்து 1951இல் வந்து, நம் மலையைப் பார்த்து மலைத்து, திரும்பிப் போகாமல் இங்கேயே செத்து, பைன் மரத்துக்குக் கீழே படுத்திருக்கிறார். நம் லயத்து வீடுகளில் அவர் பெயர் படத்தொரை. அவர் நாட்டில் அவருக்குப் பெயர் “வெறும் மலைகளின் ஓவியர்”. ஏனென்றால் அவருடைய எந்த மலையிலும் ஓர் ஆள் கிடையாது. இதையெல்லாம் விருந்தினருக்கு நீ தினமும் ஒப்பிக்கிறதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

ஆள் இல்லாத மலையா என்று எனக்குக் கை அரித்தது. அம்மா சமைக்கிற பங்களாக் குசினிக்கு உதவியாகப் போகும் சனிக்கிழமைகளில், பள்ளிக்கூட வர்ணப் பெட்டியால் உச்சியில் வெள்ளைச் சேலை கட்டிய சின்ன உருவம் ஒன்றை வைத்தேன். பிறகு அதை ஈரத் துணியால் அழித்து, கொஞ்சம் கீழே, சாமி மரத்தடியில். பிறகு வளைவில். பிறகு படத்தில் இருக்கிற பங்களா கேட்டில். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டே. மாதா மாதம் தங்க வருகிற அந்தக் கண்டிச் சோடி கண்டுபிடித்து, காலைச் சாப்பாடு கூடச் சாப்பிடாமல் ஓடினார்கள். அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதுவும் உண்மை.

நீ என்னைப் பிடித்து, “இப்பவே அழி, நாளைக்கு முஸ்தாக் முதலாளி பண்டாரவளையிலேருந்து வாறாரு”ன்னு கத்தினாய். ஈரத் துணியில் கேட் உருவம் போகவில்லை. அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி அடுப்புச் சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்தேன். போய்விட்டது. பயத்தில் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தேன். மறுநாள் முதலாளி வந்தார். படத்தைப் பார்த்தார். நீ “நான்தான் செஞ்சேன்”னு சொன்னாய். பொங்கலுக்கு முதல் நாள் உன்னை அனுப்பிவிட்டார். உன் வீட்டில் பெரியம்மா பொங்கல் பானையே வைக்கவில்லை.

எதற்கு என் குற்றத்தை நீ தூக்கினாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் குசினி வேலைக்காக. நான் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?

இப்படிக்கு,
பிசாசு (நீ வைத்த பெயர்தானே)
யசோதினி


மொனராகலை
27.01.2025

யசோதினி,

போனில் பேசினால் நீ சிரிக்க வைத்துவிடுவாய். அதனால்தான் பிளாக். இதையும் கடை மூடிய பிறகு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இங்கே வெயில். தண்ணீர் கூடச் சூடாகத்தான் வருகிறது.

நீ எழுதியதில் முக்கால்வாசி உண்மை. கால்வாசியை விட்டுவிட்டாய். நான் அழிக்கச் சொன்னேன். நீ பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வரைந்துவிட்டுப் போயிருக்கிறாய். காலையில் முதலாளியோடு ஹோலுக்குள் போனபோது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை நின்றாள். வெள்ளைச் சேலை இல்லை. தோட்டத்துப் பொம்பளைகள் மாதிரி இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பொம்பளை. முகத்தைத் திருப்பி எங்களையே பார்த்தாள். முதலாளி “இது என்னப்பா?” என்றார். “நான்தான் செஞ்சேன்” என்றேன். நீ என்னை வைத்துக் கடைசியாக ஒரு விளையாட்டு விளையாடிவிட்டாய் என்று மட்டும் புரிந்தது. விருந்தினரிடம் விளையாடு. என்னிடமுமா?

மூன்று வருஷம் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டேன். ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததில்லை.

இன்னொன்று. பழைய படங்களைப் பழுது பார்க்கிற அம்மா ஒருத்தர் ஒல்லாந்திலிருந்து பெப்ரவரி கடைசியில் வருகிறார். சேதம் பெரிது என்று அவர் சொன்னால் என் மேல் பொலிஸில் முறைப்பாடு போடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். போட்டால் போடட்டும். நீ வாயைத் திறக்காதே. திறந்தால் உன் அம்மா, என் சித்தி, திரும்பவும் கொழுந்து பறிக்கப் போகணும், அந்த முழங்காலோடு. நான் உன்னைக் காப்பாற்றவில்லை. சித்தியைத்தான்.

மன்னிப்பு எல்லாம் கேட்காதே. கேட்டாலும் இப்போது என்னிடம் இல்லை.

ரஜீவ்


மேல்கணக்கு லயம்
06.02.2025

அண்ணே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை சிரிப்பு வரவில்லை.

நான் வரைந்தது நாலு உருவம். நாலுதான். அஞ்சாவதாக யாரையும் வரையவில்லை. செல்லக் கதிர்காமம் கோயிலில் வைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நீ நம்பமாட்டாய். தலைமை ஆசிரியரின் கதிரையில் பலாப்பால் பூசியவள் சொன்னால் யார் நம்புவார்கள்? அது என் சம்பாத்தியம்.

ஆகவே பார்க்கப் போனேன். ஹோலைப் பூட்டி, படத்தின் மேல் வெள்ளைத் துணி போட்டிருக்கிறார்கள். சாவி குசினி ஆணியில். “தண்ணி குடிச்சிட்டு வாறேன்”னு சொல்லி எடுத்தேன். பட்டப்பகல். வெளியே புதுக் காவலாளி புல்லு வெட்டுகிற சத்தம். துணியைத் தூக்கினேன்.

நிற்கிறாள், அண்ணே.

ஒரு கையால் கேட்டைப் பிடித்திருக்கிறாள். மறு கையில் ஒரு சின்னப் பெட்டி. போகிறவள் மாதிரி உடம்பு ரோட்டுப் பக்கம், முகம் மட்டும் வீட்டுப் பக்கம். அவள் கேட்டைப் பிடித்த கையைப் பார்த்தேன். அஞ்சு விரல். நகம் கூட இருக்கிறது. நீ என் உருவங்களைப் பார்த்திருக்கிறாய். என் பேய்களுக்கு விரலே கிடையாது, முள்ளுக்கரண்டிதான். எனக்குக் கை வரைய வராது. சித்திரப் பாடத்தில் எனக்கு முப்பத்தொரு புள்ளி. அதற்கு நீயே சாட்சி, றிப்போட்டில் அப்பா மாதிரி கையெழுத்து வைத்தவன் நீதானே.

அவளைச் சுற்றி, நான் சாம்பல் தேய்த்த வட்டம். வட்டத்துக்கு வெளியே பழைய பச்சை. உள்ளே அவள். நான் வரையவில்லை. நான் திறந்துவிட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கண்டேன். படத்துக்குள்ளேயும் இந்த பங்களா சின்னதாக இருக்கிறது அல்லவா, அதன் ஜன்னலில் ஒரு மங்கலான கோடு. கறை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். அது ஓர் ஆள். உள்ளே நின்று கேட்டைப் பார்க்கிற ஆள். அவரை நான் தேய்க்கவே இல்லை. அவர் எப்போதும் அங்கேதான் நின்றிருக்கிறார்.

ஆளில்லாத படம் என்று எல்லோருக்கும் ஒப்பித்தாயே.

துணியைப் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அம்மா “ஏன்டி மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?” என்றார். “மாவு”ன்னு சொன்னேன். அன்றைக்கு அம்மா மாவே பிசையவில்லை.

எனக்குப் பயமாயிருக்கு. இது விளையாட்டு இல்லை. பதில் போடு.

யசோ


மொனராகலை
14.02.2025

யசோ,

விரல் விஷயம் சரி. உன் முள்ளுக்கரண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் அந்தப் படத்தை மெல்லிய துணியால் தூசு தட்டினேன். கைக்குக் கீழே சின்னச் சின்னத் திட்டுகள் தட்டுப்படும். பச்சை வர்ணத்துக்கு அடியில் அரிசி சிந்திக் கிடக்கிற மாதிரி. நல்ல துணி கிடைக்காமல் பழையதில் வரைந்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு எனக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது, திட்டுகளை எண்ணுவேன். உச்சியில் கொஞ்சம், சாமி மரத்தடியில் கூட்டமாக, வளைவில் வரிசையாக. நாற்பதைத் தாண்டும். கேட்டில் ஒன்று. ஜன்னலில் திட்டு இல்லை.

நீ உன் பேயை வைத்த இடமெல்லாம் திட்டு இருந்த இடம். அது தெரிந்ததும்தான் அன்றைக்கு உன்னிடம் அப்படிக் கத்தினேன். நீ எதையோ மிதிக்கிறாய் என்று தோன்றியது. பிறகு பஸ்ஸில் யோசித்தேன். அவை எல்லாம் பாதை போகிற இடங்கள். பாதை இருக்கிற இடத்தில்தானே ஆள் நடக்கும்? நீ வைத்தாலும், அவர் வைத்தாலும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இனி தொடாதே. ஒரு துளி சாம்பல் கூட வேண்டாம். ஒல்லாந்து அம்மா வந்தாலும் குசினியிலேயே இரு. நான் சொன்னதை மாற்றவில்லை, வாயைத் திறக்காதே. முறைப்பாடு என் பேரில் போகட்டும். ரெண்டு தவணை நீதிமன்றம், ஒரு தண்டம். சித்தியின் முழங்காலுக்கு அது மலிவு.

நம்புகிறேன். மன்னிப்பது வேறு.

ரஜீவ்


மேல்கணக்கு லயம்
03.03.2025

ரஜீவ் அண்ணே,

வாயைத் திறந்துவிட்டேன்.

கடிதத்தைக் கிழிக்காதே, கடைசி வரை படி. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கிறேன்.

வந்த அம்மாவின் பெயர் அன்னெக்கே. வயது அறுபது இருக்கும். எங்கள் வாசல் நிலையை விட உயரம். மொழிபெயர்க்க பதுளையிலிருந்து சரோஜாதேவி டீச்சர், அந்த யாழ்ப்பாணத்து இங்கிலிஷ் டீச்சர். முஸ்தாக் முதலாளி துணியைத் தூக்கியதும் அன்னெக்கே அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கேட்டுப் பொம்பளையைப் பார்த்து அல்ல, சாம்பல் வட்டத்தைப் பார்த்து. “இது யார் செய்தது, எதை வைத்துத் தேய்த்தது என்று தெரிந்தால்தான் நான் இதைத் தொடுவேன்” என்று சொல்லிவிட்டாராம்.

முதலாளி, “முந்தி இருந்த காவக்காரன். அவன் போயிட்டான். நாளைக்கு பொலிஸுக்கு போறேன்” என்றார்.

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். உன் கடிதம் என் புத்தகப் பைக்குள் இருந்தது. “ரெண்டு தவணை நீதிமன்றம்.” அதை நீ ஏதோ பஸ் டிக்கெட் மாதிரி எழுதியிருந்தாய். நீ போகிற நீதிமன்றத்தில் என் பெயரை யார் கூப்பிடுவார்கள்?

“அண்ணே செய்யல. நான்தான்” என்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை, இது விளையாட்டில்லை. என்ன செய்தனீர் எண்டு ஒழுங்காச் சொல்லும்.”

எல்லாவற்றையும் சொன்னேன். நாலு சனிக்கிழமை, வர்ணப் பெட்டி, சாம்பல், எலுமிச்சம்பழம். எத்தனை பழம் என்று கூட அன்னெக்கே அம்மா கேட்டார். அரைப் பழம். அம்மா குசினி வாசலில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அதுதான் வலித்தது.

பிறகு இரண்டு நாள் கமெரா வைத்துப் பார்த்தார்கள். வர்ணத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டுகிற கமெரா. கம்ப்யூட்டர் திரையில் நம் மலை சாம்பல் நிறமாக வந்தது. அண்ணே, மலை முழுக்க ஆட்கள். கூடையோடு, பிள்ளையோடு, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு. நீ தடவிய அரிசி எல்லாம் அவர்கள்தான். நாற்பத்தொரு பேர்.

படத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த தவிட்டு நிறக் கடதாசியைக் கழற்றினார்கள். அதற்குக் கீழே ஒரு பட்டியல், படத்தொரையின் கையெழுத்தில். தலைப்பு அவர்களுடைய பாஷையில் ஒரே சொல்: “போனவர்கள்”. முதல் மூன்று பேர் ஒல்லாந்துப் பேர்கள். அவருடைய அப்பா, அம்மா, தங்கச்சி. மூவருக்கும் ஒரே தேதி, 1953 பெப்ரவரி முதலாம் திகதி. அன்றைக்கு அவர்கள் நாட்டில் கடல் உள்ளே வந்ததாம். வீட்டோடு போய்விட்டார்கள். அதற்கு முதல் வருஷம்தான் அவர் இந்தப் படத்தைத் தொடங்கியிருக்கிறார். அவர்கள் வந்து பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறார். திரையில் காட்டினார்கள். நம் தேயிலை மலையில், மரச் செருப்பு போட்டுக்கொண்டு, மூன்று பேர். சிரிப்பு வரவேண்டிய காட்சி. யாரும் சிரிக்கவில்லை.

செய்தி வந்ததும் அவர்கள் மேல் பச்சையைப் பூசி மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் நம் பேர்கள். டீச்சர் எழுத்துக் கூட்டி வாசித்தார். அழகர், மாரியாயி, மூன்று பிள்ளைகள், 1972. பிறகு இன்னொரு வீடு. பிறகு இன்னொன்று. எல்லாம் இந்தியாவுக்குப் போகச் சொல்லிப் பாஸ்போர்ட் வந்து, பதுளையில், சனம் அழுது வழியனுப்புகிற அந்த ஒப்பாரிக் கோச்சி ரயிலில் ஏறியவர்கள். ஒரு குடும்பம் கோச்சி ஏறினால், அன்றைக்கே அவர் தூரிகையை எடுத்து அவர்களை மூடியிருக்கிறார். தேதி போட்டிருக்கிறார். இப்படியே மலை காலியாகியிருக்கிறது. அதைத்தான் அவர் நாட்டில் வெறும் மலை என்று பாராட்டியிருக்கிறார்கள்.

கடைசிப் பெயர் பாக்கியலெட்சுமி, 1977. பங்களாச் சமையல்காரி. அம்மா நிற்கிற அதே குசினி. கேட்டில் நிற்பவள் அவள்தான். அவள் மேல் பூசிய வர்ணம் மட்டும் தண்ணீர் மாதிரி மெல்லியதாம். அதனால்தான் அரை எலுமிச்சம்பழத்துக்கே வந்துவிட்டாள். ஏன் மெல்லியது என்று கேட்டேன். அன்னெக்கே அம்மா தோளைக் குலுக்கினார். டீச்சர், “மனம் வந்திராது, பிள்ளை” என்றார். அதை மொழிபெயர்த்துச் சொன்னாரா, தானாகச் சொன்னாரா தெரியாது.

ஜன்னலில் நிற்பது அவரே. அவர் 1985இல் செத்தார். அவரை மூட வீட்டில் யாரும் மிச்சமில்லை.

மற்றவர்களைத் திறக்கப் போவதில்லையாம். அவர் மூடியதை நாம் திறக்கக் கூடாது என்கிறார் அன்னெக்கே அம்மா. பாக்கியலெட்சுமி மட்டும் அப்படியே நிற்பாள்.

இனி நம் விஷயம். உன் மேல் முறைப்பாடு இல்லை. முதலாளி, “அவன்கிட்ட சொல்லு, வேலைக்கு வரச் சொல்லு. நான் கேக்காம கொள்ளாம அனுப்பிட்டேன்” என்றார். ஆனால் அம்மாவை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அம்மா கொழுந்து பறிக்கக் காலைப் பெரட்டுக்குப் போகிறார். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு. நான் காலைப் பிடித்து அழுதேன். “கொழுந்து எனக்கு புதுசா? எந்திரி. பழிய அவன் தலையில போட்டுட்டு நான் அந்த அடுப்புல சோறு ஆக்கினேனே, அதத்தான் தாங்க முடியல” என்றார். அம்மாவுக்குப் பொங்கலன்றே தெரியுமாம். சாம்பல் குறைந்திருந்ததாம்.

அன்னெக்கே அம்மா படத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார். படத்துக்கு நேர்ந்தது எல்லாம் அதில் இருக்கவேண்டுமாம். “யசோதினி, வயது 16, நான்கு உருவங்கள், பள்ளிக்கூட வர்ணம்.” உலகத்தில் எங்கோ ஒரு பெட்டகத்தில் என் குறும்பு பத்திரமாக இருக்கும். அதற்குக் கீழே, “பராமரித்தவர்: ரஜீவ், 2022 முதல் 2025 வரை. போய்விட்டார்” என்று எழுதினார். டீச்சர் அதை வாசித்துக் காட்டினார். பின்னால் இருக்கிற பட்டியலில் நீயும் சேர்ந்த மாதிரி.

“அதை வெட்டுங்க” என்றேன். “அவர் போகல. மொனராகலையிலதான் இருக்காரு. பஸ் ஓடுது.”

வெட்டிவிட்டார். தேதி போடவில்லை.

யசோதினி

பி.கு: வேலைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். அம்மாவுக்கு உன்னைப் பார்க்கவேண்டுமாம். எனக்கும்தான். இதில் விளையாட்டு இல்லை, தேடாதே.


மொனராகலை
10.03.2025

யசோ,

சொல்லாதே என்றேன், சொன்னாய். இதற்கும் கோபம்தான். ஆனால் முந்திய கோபம் போய்விட்டது. ஒரே நேரத்தில் ரெண்டு கோபம் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

முஸ்தாக் முதலாளியிடம் சொல்லு, வேலைக்கு வரமாட்டேன். சித்தி இல்லாத குசினிக்கு நான் காவல் இருக்கமாட்டேன். ஆனால் படத்தைப் பார்க்க வருவேன். முன்வாசலால். டிக்கெட் கேட்டால் காசு கொடுப்பேன்.

தூசு தட்டுகிற துணி என் பையோடு வந்துவிட்டது. அவசரத்தில் உடுப்போடு மடித்திருக்கிறேன். நேற்று எடுத்து வெளியே வைத்தேன். மூன்று வருஷம், தினமும், இதை வைத்து நாற்பத்தொரு பேரின் முகத்தைத் துடைத்திருக்கிறேன். தூசு என்று நினைத்துக்கொண்டு. அதைத் துவைக்க மனம் வரவில்லை.

சித்திக்கு முழங்கால் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் போன் பண்ணாதே.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் வருகிறேன், பசறையில் இறங்கி மாறணும். நீ போய் ஹோலில் நின்று துணியைத் தூக்கிக்கொண்டிருக்காதே. படத்தில் என்னைத் தேடாதே. பசறை பஸ் ஸ்டாண்டில் தேடு.

அண்ணன்,
ரஜீவ்